ஓயாச் சுழலும் ஐந்து விநாடிக் காவலும்

தொல்காப்பியர் எழுத்தொலியின் அளவுக்கு மாத்திரை என்று பெயர் தந்தார். அம்மாத்திரைக்கு அளவுகோலாக அவர் காட்டியவை இரண்டு: ஒருவர் இயல்பாகக் கண்ணை இமைக்கும் பொழுது, விரலை நொடிக்கும் பொழுது. கடிகாரம் இல்லாத காலத்தில் உடலையே காலக் கருவியாக்கிய அந்த நுட்பத்தை வகுப்பில் விளக்காத தமிழாசிரியர் இருக்க மாட்டார். கண்ணிமைக்கும் பொழுது விநாடியின் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரை என்று இன்றைய அறிவியலார் அளந்துள்ளனர். அந்த ஒரு மாத்திரைக்குள் கணினியில் ஒலிக்கும் இசைக்கருவி ஒன்று தன் வேலையைக் குறைந்தது ஒன்பது முறை, மிகுந்தால் முப்பத்தேழு முறை செய்து முடித்தாக வேண்டும். எப்படி என்பதைப் பின்னர்க் கணக்கிட்டுக் காட்டுகிறேன். முதலில் இந்தக் கணக்கில் என்னை இழுத்துவிட்ட நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

காத்தோங்கில், சிலோன் சாலைச் செண்பக விநாயகர் கோயிலுக்குச் சிறிது தொலைவில் என் தமக்கையின் குடும்பம் வாழ்கிறது. அவள் மகன் பகலில் அலுவலகப் பணி செய்கிறான். இரவில் இசைக்கான நிரல் எழுதுகிறான். வாய்ப்பாட்டுப் பயிலும் பிள்ளைகள் வீட்டில் சாதகம் செய்வதற்காகச் சுருதியும் தாளமும் காட்டும் கருவி ஒன்றை அவன் கணினியில் உருவாக்கத் தொடங்கினான். தம்பூரா வாங்கவும் வைக்கவும் வசதி இல்லாத அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பயன்படும் என்பது அவன் எண்ணம். பாட்டு ஆசிரியை ஒருவருக்கு நவராத்திரிக்கு முன் முடித்துத் தருவதாகச் சொல்லியும் விட்டான். ஒருநாள் மாலை, “மாமா, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, நேரம் கடந்துவிட்டது என்கிறது, நான் எதையுமே மாற்றவில்லை” என்று சொல்லி என்னைத் திரைக்கு முன் உட்கார வைத்தான். எதையுமே மாற்றவில்லை என்பார் ஏதோ ஒன்றை மாற்றியிருப்பர் என்பது ஆசிரியத் தொழிலில் நான் கற்றது.

செருகுநிரல் என்பது யாது?

ஒலிப்பதிவுக் கூடத்தின் பணியைக் கணினியில் செய்யும் பெரிய நிரல்கள் உண்டு. அவற்றுள் வேறொருவர் எழுதிய சிறிய கருவியைச் செருகிக்கொள்ளலாம். வீணையாகவோ, எதிரொலி தரும் பெட்டியாகவோ அது அமையும். இதுவே செருகுநிரல், பேச்சு வழக்கில் பிளக்-இன் என்பர். ஜெர்மனி நாட்டு ஸ்டைன்பர்க் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.எஸ்.டி. என்னும் இணைப்பு முறை இதனைப் பரவலாக்கியது. அதற்கு முன்னரே, 1989இல், சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டையை வெளியிட்டு, வீட்டுக் கணினிகளைப் பாட வைத்திருந்தது. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான சிம் வோங் ஹூ ஹார்மோனிகா வாசித்தவர். இந்த ஊரில் ஓர் இளைஞன் இரவு விழித்துச் சுருதிப் பெட்டி எழுதுவதை நான் புதுமையாகக் கருதாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

செருகுநிரலுக்கு இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று ஒலியை ஆக்கும் கூறு. மற்றொன்று திரையில் தோன்றும் முகம்: குமிழ்கள், பொத்தான்கள், விளக்குகள். இம்முகத்தை இடைமுகம் என்கிறோம். ஜூஸ் என்னும் நிரல் தொகுதியும், அதன் மேல் கிறிஸ்டோப் ஹார்ட் என்பார் உருவாக்கிய ஹைஸ் என்னும் கருவியும், இடைமுகத்தை ஸ்கிரிப்ட் எனப்படும் எளிய கட்டளைத் தொடரால் எழுத இடம் தருகின்றன. கருவி திறக்கும்பொழுது அத்தொடரின் தொடக்கப் பகுதி ஒருமுறை ஓடும். பின்னர்ப் பயனர் குமிழைத் திருப்பினால் அதற்குரிய பகுதி ஓடும்; சுரத்தை அழுத்தினால் அதற்குரிய பகுதி ஓடும்.

இவ்வாறு ஓடும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காவல் உண்டு. குறித்த நேரத்துக்குள் வேலை முடியவில்லையென்றால் ஓட்டத்தை நிறுத்தி, நேரம் கடந்தது என்று அறிவித்துவிடும். ஜூஸ் தொகுதியின் கட்டளை இயக்கியில் இயல்பான எல்லை 15 விநாடி. ஹைஸில் 5 விநாடி. இரண்டையும் எழுதுபவர் மாற்றிக்கொள்ளலாம். தமக்கை மகன் செய்த முதல் வேலையும் அதுவே. ஐந்தை அறுபதாக்கினான். கணினி ஒரு நிமிடம் மரம்போல் நின்று, பின்னர் அதே செய்தியைத் தந்தது. அறுபதை அறுநூறு ஆக்கிவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபொழுதும் அதே செய்தி. காவற்காரன் கூவுகிறான் என்று அவன் வாயை அடைத்துவிட்டுத் திருடனைத் தேடாமல் இருந்தால் வேறு என்ன நடக்கும்?

கடிகாரம் ஏன்?

‘இத்தனை அறிவுள்ள கணினிக்கு ஒரு வேலை முடியுமா முடியாதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லத் தெரியாதா? கடிகாரத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பானேன்?’ என்று வினவலாம். தெரியாது என்பதே விடை. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஓய்வுறுமா, ஓயாது சுழலுமா என்று தவறாமல் தீர்ப்புச் சொல்லும் பொதுமுறை எதுவும் இருக்க இயலாது. ஆலன் டூரிங் 1936இல் வெளியிட்ட ஆய்வின் பயன் இது. கணினி என்ற பொருள் கைக்கு வருமுன்னரே அதன் எல்லையை ஒருவர் கணக்கால் வரைந்துவிட்டார். சில நிரல்களைப் பார்த்த அளவில் சொல்லலாம். எல்லாவற்றையும் சொல்ல இயலாது. ஆகவே கருவி செய்தவர்கள் அறிவை நம்பாமல் கடிகாரத்தை நம்பினர். கடிகாரத்துக்கோ ஒரு குறை உண்டு: நெடுநேரம் எடுக்கும் நேர்மையான வேலையையும் ஒருநாளும் முடியாத வேலையையும் அது பிரித்தறியாது. அப்பிரிவினையைச் செய்ய வேண்டியவர் நிரல் எழுதுபவர். நேரம் கடந்தது என்ற செய்தி வந்தவுடன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இது நெடியதா, முடிவற்றதா என்பதுதான்.

அதனை அறிய எளிய வழி ஒன்று: வேலையைப் பாதியாக்கிப் பார்ப்பது. அவன் தொடக்கப் பகுதியில் 72 மேளகர்த்தா இராகங்களுக்கும், 12 சுருதிகளுக்கும், ஏழு ஏழு சுரங்களின் அதிர்வெண்ணைக் கணக்கிட்டு ஒரு பட்டியல் செய்திருந்தான். 72ஐ 36 ஆக்கினோம். வேலை நெடியது மட்டுமே என்றால் நேரமும் ஏறத்தாழப் பாதியாக வேண்டும். குறையவில்லை, அதே ஐந்து விநாடி, அதே செய்தி. ஒன்றே ஒன்று ஆக்கினோம். அப்பொழுதும் அதேதான். பட்டியல் குற்றமற்றது என்பது தெளிவாயிற்று. உண்மையில் 72ஐ 12ஆலும் 7ஆலும் பெருக்கினால் 6,048 கணக்குகளே வருகின்றன. நமக்கு அது பல நாள் வேலை. கணினிக்கு ஒரு பொருட்டன்று. எண்ணிக்கையைத் தாளில் ஒருமுறை பெருக்கிப் பார்த்திருந்தாலே அந்தப் பக்கம் தேட வேண்டியிராது.

அடுத்து, தொடரின் பின்பாதியை ஓடாதபடி மறைத்தோம். ஓடிற்று. மறைத்த பாதியில் பாதியைத் திறந்தோம். நின்றது. இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் ஆயிரம் வரித் தொடரிலும் பத்து முறைக்குள் குற்றமுள்ள வரியை நெருங்கிவிடலாம். நாங்கள் ஏழாம் முறையில் பிடித்தோம். கமகத்துக்காக எழுதிய நான்கு வரிகள் அவை.

காலும் இருமாவும்

ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதற்கு, 0 தொடங்கி 1 வரை படிப்படியாக ஏறும் புள்ளிகளை அவன் கணக்கிட்டிருந்தான். ‘மதிப்பு 1 ஆகாத வரையில், படியைக் கூட்டிக்கொண்டே போ’ என்பது கட்டளை. முதலில் படி கால் பங்கு. நான்கு படியில் 1 வந்தது, சுழல் நின்றது. முதல் நாள் இரவு, வழுக்கல் இன்னும் மென்மையாக ஒலிக்கட்டும் என்று படியைப் பத்தில் ஒன்றாக்கினான். ‘மாற்றவில்லை’ என்றது இந்த மாற்றத்தைத்தான். ஓர் எண்ணை மாற்றுவதை அவன் மாற்றமாகவே கருதவில்லை போலும்.

பத்தில் ஒன்றைப் பத்து முறை கூட்டினால் ஒன்று வரும் என்பது தொடக்கப் பள்ளிப் பாடம். கணினியில் வருவது 0.9999999999999999. அடுத்த முறை கூட்டினால் 1.0999999999999999. இடையில் 1 என்ற நிறுத்தத்தில் வண்டி நிற்கவே இல்லை. நிற்காத வண்டி மேலும் மேலும் ஓடியது. காவல் வந்து பிடித்தது.

இது ஏன் என்பதைத் தமிழாசிரியர்களுக்கு விளக்குவது எளிது. நம் பழைய கீழ்வாய் இலக்கம் துணைக்கு வருகிறது. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளால் மட்டுமே எழுதும். பின்னமாயின் அரை, அரையில் பாதி, அதில் பாதி என்றே அது பிரிக்க அறியும். எனவே அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவற்றை அது பிசகின்றி எழுதும். அவை முறையே இரண்டில், நான்கில், எட்டில், பதினாறில் ஒரு பங்கு அல்லவா? ஆனால் மா என்பது இருபதில் ஒன்று; இருமா என்பது பத்தில் ஒன்று. இவற்றின் பகுதியில் ஐந்து என்னும் காரணி நுழைந்துவிட்டது. பாதி பாதியாக எத்தனை முறை வெட்டினாலும் ஐந்தில் ஒரு பங்கு சரியாகக் கிட்டாது. பத்தின் அடுக்குகளால் எழுதும் நாம் மூன்றில் ஒன்றை 0.333 என்று முடிவின்றி எழுதுகிறோமே, அதே நிலைதான். கணினி 53 இரும இலக்கங்களோடு நிறுத்தி எஞ்சியதை விட்டுவிடுகிறது. விட்ட துணுக்குகள் கூடிக் கூடி ஒன்றை ஒன்றாகவிடாமல் செய்கின்றன. முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கும் இவ்வாறே அடங்காது.

இங்கே ஒரு வேடிக்கை. மாவும் அடங்காது; காணி என்னும் 80இல் ஒரு பங்கும் அடங்காது. இரண்டையும் கூட்டினால் வருவது மாகாணி, அதாவது வீசம். அது முற்றிலும் அடங்கும். மாகாணி வாய்பாட்டை மனப்பாடம் செய்த நம் முன்னோர் இந்தக் குற்றத்தை விரைவில் கண்டுபிடித்திருப்பார்கள் என்று அவனிடம் சொன்னேன். சிரித்தான், நம்பியதாகத் தெரியவில்லை.

மருந்து எளிது. பின்னத்தைக் கூட்டிக்கொண்டு போகாமல் முழு எண்ணை எண்ணிக்கொண்டு போய், ஒவ்வொரு முறையும் பத்தால் வகுக்க வேண்டும். பத்தைப் பத்தால் வகுத்தால் ஒன்று, அதில் ஐயமில்லை. ‘1 ஆகாத வரையில்’ என்பதற்கு மாறாக ‘1க்குக் குறைவாக இருக்கும் வரையில்’ என்று எழுதினால் போதாதா என்று அவன் கேட்டான். சுழல் ஓயும், ஆனால் 0.9999999999999999 என்பதும் ஒன்றைவிடக் குறைவே ஆதலின், பத்துச் சுற்றுக்கு மாறாகப் பதினொரு சுற்று ஓடும். நேரம் கடந்த செய்தி மறைந்து, ஒரு புள்ளி மிகையான கமகம் எஞ்சும். அறிவிப்போடு வரும் குற்றத்தைவிட அறிவிப்பின்றி வரும் குற்றமே பொல்லாதது.

காத்திருத்தல் என்னும் வேலை

கமகம் தீர்ந்தபின் தாளத்தில் வேறொரு தடை. கருவி திறந்தவுடன் ஆதிதாளத்தின் எட்டு விளக்குகளும் ஓர் ஆவர்த்தனம் எரிந்து காட்டட்டும் என்று எழுதியிருந்தான். விரைந்த நடையில் வைத்தால் கருவி திறந்தது. மெதுவான நடையில் வைத்தால் நேரம் கடந்தது. வேகத்தைக் குறைத்தால் கணினிக்கு வேலை குறைய வேண்டுமே, கூடுவானேன் என்று குழம்பினான்.

நிமிடத்துக்கு 120 அடி என்றால் எட்டு அடிக்கு 4 விநாடி. 60 அடி என்றால் 8 விநாடி. எல்லையோ 5 விநாடி. விடை கணக்கிலேயே கிடந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அவன் கட்டளைத் தொடர் கணினிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ‘நேரம் ஆயிற்றா, ஆயிற்றா’ என்று சுழன்றுகொண்டிருந்தது. நாம் காத்திருக்கும்பொழுது சும்மா இருக்கிறோம். இப்படி எழுதப்பட்ட நிரல் காத்திருக்கும்பொழுது முழு மூச்சாய் உழைக்கிறது. விரைந்த நடையிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியவில்லை. நான்கு விநாடி திரை உறைந்து நின்று, கடைசி விளக்கு மட்டும் எரிந்தது. கட்டளைத் தொடர் கையை எடுத்தாலன்றித் திரைக்குத் தன்னைத் திருத்தி வரைய முறை கிட்டாது. எல்லைக்குள் முடிந்ததால் காவல் இதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

இதற்கென அமைந்ததே டைமர் என்னும் மணிக்கருவி. ‘ஒரு விநாடி கழித்து என்னைக் கூப்பிடு’ என்று சொல்லிவிட்டுத் தொடர் ஓய்வு பெற வேண்டும். மணி அடித்ததும் ஒரு விளக்கை மாற்றிவிட்டு மீண்டும் ஓய்வு. கச்சேரியில் தாளம் போடுபவரை நினைத்தால் போதும். அவர் அடிகளுக்கிடையே எதையும் தேடி ஓடுவதில்லை.

இதனோடு இனமான மற்றொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். சுருதிக் குமிழைத் திருப்பினால் அதிர்வெண் குமிழ் மாற வேண்டும். அதிர்வெண் குமிழைத் திருப்பினால் சுருதிக் குமிழ் மாற வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டால் முடிவே இல்லை. மதிப்பை மாற்றுவது ஒரு செயல், மாறிவிட்டது என்று அறிவிப்பது வேறொரு செயல். ஹைஸில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. பயனர் தொட்ட குமிழ் மட்டும் அறிவிக்க, மற்றது வாய்பேசாமல் மாறிக்கொண்டால் சுழல் எழாது.

மாத்திரையின் கணக்கு

இதுவரை கூறியவை விநாடிக் கணக்கு. ஒலிக் கூற்றின் கணக்கு வேறு. கணினி ஒலியைத் துளித் துளியாக அளந்து வைக்கிறது. விநாடிக்கு 48,000 துளி என்பது பெருவழக்கு. அவற்றை 512 துளி கொண்ட பொட்டலமாகக் கட்டி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது என்று கொள்வோம். 512ஐ 48,000ஆல் வகுத்தால் ஒரு பொட்டலத்துக்குக் கிடைக்கும் காலம் விநாடியின் ஆயிரத்தில் 10.67 பங்கு. கண்ணிமைப்பு ஆயிரத்தில் நூறு முதல் நானூறு பங்கு. அதனுள் முழுதாக அடங்கும் பொட்டலம் 9 முதல் 37 வரை. தொடக்கத்தில் சொன்ன கணக்கு இதுதான்.

இங்கே கடிகாரம் எச்சரித்து நிறுத்துவதில்லை. பொட்டலம் பிந்தினால் ஒலியில் ‘டக்’ என்று ஒரு வெட்டு விழும், அவ்வளவே. ஐந்து விநாடிக் காவலின் கண்ணுக்குப் படாத ஆயிரத்தில் இருபது பங்குத் தாமதம், பாடும் பிள்ளையின் காதுக்குப் பட்டுவிடும். ஆதலின் கோப்பைப் படிப்பது, படம் வரைவது, பிறர் முடிக்கும் வரை காத்திருப்பது ஆகிய மூன்றும் ஒலி ஆக்கும் இடத்தில் கூடா. மூன்றாவதுதான் பலரும் அறியாமல் விழும் குழி.

அதற்கு உலகறிந்த சான்று செவ்வாய்க் கோளில் உண்டு. 1997 ஜூலை 4ஆம் நாள் அங்கு இறங்கிய அமெரிக்கப் பாத்ஃபைண்டர் கலம், சில நாள்களில் தன்னைத் தானே மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொள்ளலாயிற்று. வானிலைச் செய்தி சேர்க்கும் சிறு வேலை, பொதுத் தகவல் வழியின் சாவியைக் கையில் வைத்திருந்தது. தலைமை வேலை அச்சாவிக்குக் காத்திருந்தது. இடைநிலை வேலைகள் குறுக்கே வந்து, சாவி வைத்திருந்த சிறு வேலையை ஓடவிடாமல் தடுத்தன. தலைமை வேலை நேரத்தில் முடியாததைக் கண்ட காவல், கணினியையே மறுபடி தொடங்கிவிட்டது. பொறியாளர்கள் காவலின் எல்லையை நீட்டவில்லை. பூமியிலிருந்த மாற்றுக் கருவியில் அதே நிலையை உண்டாக்கிக் காரணத்தைக் கண்டனர். தலைமை வேலை சாவிக்குக் காத்திருக்கும்பொழுது, அதை வைத்திருக்கும் வேலைக்குத் தலைமையின் முதன்மை தற்காலிகமாகக் கிடைக்குமாறு ஓர் அமைப்பை மாற்றி அனுப்பினர், கலம் சீரடைந்தது. சுருதிப் பெட்டியின் ஒலிக் கூறு, விளக்கை வரையும் இடைமுகத்திடமிருந்து சாவிக்குக் காத்திருந்தால் காத்தோங்கிலும் அதே கதைதான்.

அப்படியானால் எல்லையை நீட்டுவது எப்பொழுதும் தவறா? அன்று. பாதியாக்கினால் நேரமும் பாதியாகிறது, எண்ணிக்கை தாளில் சரியாக வருகிறது, கணினி பழையது என்று மூன்றும் தெரிந்தபின் ஐந்தைப் பத்தாக்குவதில் குற்றமில்லை. அப்பொழுதும் நான் முதலில் கேட்பது, இவ்வேலை கருவி திறக்கும்பொழுதே நடக்க வேண்டுமா என்பதே. 72 இராகப் பட்டியலும் தொடக்கத்தில் வேண்டியதில்லை. மாணவர் தேர்ந்த இராகத்துக்கு மட்டும் அப்பொழுது கணக்கிட்டால் போதும். ஒரு நாளில் ஒரு பிள்ளை இரண்டு மூன்று இராகங்களுக்கு மேல் தொடுவதில்லை என்று பாட்டு ஆசிரியை சொன்னார். நிரலைத் திருத்த உதவியவர்களுள் அவரையும் சேர்க்க வேண்டும்.

நவராத்திரிக்கு நான்கு நாள் முன்பு கருவியை அவர் வீட்டுப் பழைய மடிக்கணினியில் திறந்து பார்த்தோம். உடனே திறந்தது, ஆதிதாள விளக்குகள் முறையாக எரிந்தன. மிசிர சாபுவில் மட்டும் ஏழாம் விளக்கு எரிந்தபின் ஒரு கணம் தயங்குகிறது. அது டைமரின் பிழையா, எட்டு விளக்குக்கென வரைந்த திரையின் பிழையா என்று அவன் பாதி பாதியாக மறைத்துத் தேடிக்கொண்டிருக்கிறான்.